சத்தத்தக் காணும்

"தம்பி, சத்தத்தக் காணும்."

பேச்சியக்கா இதச் சொன்னப்ப வண்டி பிளவக்கல் பக்கம் மலையடிவாரத் தோப்புல இருந்து கீழ இறங்கிக்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் மூணு மணி இருக்கும். தூறல். மேகம் கவிஞ்சு கெடந்ததுல கண்ணாடிக்கு அங்கிட்டு எல்லாமே சாம்பல் நெறம்.

பின்னால பதினேழு பொம்பளைக. எலுமிச்சங்கா பறிச்சுட்டு வீட்டுக்குப் போறவுக. ஆளுக்கொரு தூக்குவாளி. காலி வாளி பதினேழும் சேந்து குலுங்குனா கச்சேரி மாதிரி இருக்கும். முன்னால எம் பக்கத்துல, இடது முன் சக்கரத்துக்கு நேர் மேல, பேச்சியக்கா. அந்தக் கூட்டத்துக்கு அவதான் மூப்பு. அவ ஏறுன்னா ஏறுவாக, எறங்குன்னா எறங்குவாக.

பாதைக்கு இடது கைப்பக்கம் ஓடை. பாதைக்கும் ஓடைக்கும் நடுவுல சுவரு கிடையாது, கல்லு கிடையாது, ஒரு ஆவாரஞ்செடி மட்டும் இருந்துச்சு.

பதினஞ்சு நாளா அந்தச் சக்கரத்துல ஒரு சத்தம். டொக். செத்த நேரம் கழிச்சு டொக். விருந்துக்கு வந்த மச்சினன் மாதிரி, எங்க போனாலும் கூடவே வரும், போன்னு சொல்ல முடியாது. அந்தச் சத்தந்தான் இப்பத் திடீர்னு இல்ல.

"போயிருச்சுல்லக்கா, நல்லதாப் போச்சு"ன்னேன்.

வாய் சொல்லுச்சு. நானே அத நம்பல. ஏன்னா அந்த நேரம் என் வலது கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பிரேக்கு மேல.

சும்மா பாப்பமேன்னு கால லேசா எடுத்தேன். டொக். டொக் டொக்.

திரும்ப மிதிச்சேன். சத்தத்தக் காணும்.

வண்டியச் சொல்லிருதேன்

எம்பதுகளோட கடைசின்னு வச்சுக்கோங்க. மிலிட்டரிக்காரவுக உழைச்சுக் களைச்சு ஏலத்துல கழிச்சு விட்ட வண்டி ஒண்ண நான் எடுத்தேன். மூஞ்சி தவளை மாதிரி. மத்த லாரிக்கெல்லாம் பின் சக்கரந்தான் இழுக்கும், இதுக்குக் கியர் கம்பிக்குப் பக்கத்துல இன்னொரு சின்னக் கம்பி. அதத் தள்ளுனா முன் சக்கரமும் சேந்து இழுக்கும். எந்தச் சண்டையில இருந்துச்சோ தெரியாது. எங்கிட்ட வந்த பொறவு போட்ட சண்டை பூராவும் எங்கூடத்தான்.

ஆனா ஒண்ணு, மழைக்காலம் வந்தா ராஜபாளையம், சீவில்லிபுத்தூர் சுத்துல எனக்கு மாப்பிள்ளை மரியாதை. அய்யனார் கோவில் ஆத்துல தண்ணி வந்து தேங்கா லோடு அங்கிட்டே நின்னுபோச்சா, என்னையக் கூப்புடுவாக. சேத்துல டிராக்டரு மாட்டிக்கிச்சா, என்னைய.

பிளவக்கல் தோப்பு வேலையும் அப்பிடித்தான் வந்துச்சு. பஸ்ஸு அணைக்கட்டு முக்கோட நின்னுரும். அதுக்கு மேல நாலு மைல் ஏத்தம், நடுவுல ரெண்டு ஓடை. அந்த வருசம் ஐப்பசி பொறக்கும்போதே பாதை கூழாகிப் போச்சு. காலையில வன்னியம்பட்டிக்குப் பிரியுற விலக்குல பதினெட்டுப் பேர ஏத்தி, மேல கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடணும்.

ஓனர் நான், டிரைவர் நான், வண்டி கழுவுறதும் நான். மெக்கானிக் மட்டும் இல்ல. இந்தக் கடைசி விசயம் ஊருக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பத்துப் பேரு பதினோரு வைத்தியம்

சத்தம் மொதல்ல கேட்டது எனக்கு இல்ல. பேச்சியக்காவுக்கு.

"தம்பி, எங் காலுக்கு அடியில யாரோ உலக்கை போடுதாக."

"பழைய வண்டிக்கா. பேசிக்கிட்டேதான் வரும்."

"பேசட்டும். என்ன பேசுதுன்னு கேட்டியா?"

கேட்டேன். மறுநாளே ராஜபாளையத்துல எங்க தெருவுல பஞ்சர் கடை வச்சிருக்க சுப்பராஜுகிட்டக் கேட்டேன். வீட்டுல தெலுங்கு பேசுறவரு. கோவம் வந்தாலும் சந்தேகம் வந்தாலும் தெலுங்குக்குப் போயிருவாரு. வண்டிய முன்னும் பின்னும் ரெண்டு தடவ ஓட்டச் சொல்லி, ரோட்டுல குத்தவச்சுக் கேட்டுட்டு, "ஏமய்யா, நீ பண்டி ஏடுஸ்தோந்தி"ன்னாரு. ஒன் வண்டி அழுவுதுய்யான்னு அர்த்தம். எதுக்கு அழுவுதுன்னு கேட்டதுக்கு, ஸ்பிரிங் பட்டை தொங்குற எடத்துல உள்ள புஷ்ஷு தேஞ்சிருச்சுன்னாரு.

புஷ்ஷ மாத்துனேன். சத்தம் போகல. புது புஷ்ஷு வந்த சந்தோசத்துல முன்னவிடத் தெளிவாக் கேட்டுச்சு.

பொறவு டீக்கடையில ஆளுக்கொண்ணு சொன்னாக. முன் கியரு பல்லு போயிருக்கும்னு ஒருத்தர். சின்னக் கம்பிய எடுத்துட்டு வெறும் பின் சக்கரத்துல ஓட்டிப் பாத்தேன். அப்பவும் டொக். ஆக முன் கியரு இல்ல. வளைவுல டிக் டிக்னு வந்தா ஆக்சில் முட்டின்னு இன்னொருத்தர். இது டிக் டிக் இல்ல. சொல்லப்போனா வலது பக்கம் ஒடிச்சா கொறையும், நேராப் போகையில பள்ளத்துல விழுந்தா கேக்கும். கண்ணு பட்டிருக்கும்னு சொன்னவருக்கு மட்டும் நான் ஒடனே கட்டுப்பட்டேன். எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டுறதுக்கு ஜாக்கி போட வேண்டியதில்லல்ல.

இதுல நான் ஒரு ஈனத்தனம் பண்ணேன். அதச் சொல்லாமப் போனா இந்த வாரம் எழுதுறதுக்கே அர்த்தம் இல்ல.

சீவில்லிபுத்தூர்ல சாகுல் அண்ணன்னு ஒரு மெக்கானிக். பேச்சு கம்மி, கை சுத்தம். ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னாலதான் அவருகிட்டப் பிரேக் வேலை பாத்திருந்தேன். டீக்கடையில நாலு பேரு நாலு விதமாச் சொல்லிக்கிட்டு இருக்கையில, என் வாயி சும்மா இருக்கக்கூடாதா. "சாகுல் அண்ணன் கை வச்சதுல இருந்துதான் இந்தச் சத்தம்"னு சொல்லிட்டேன்.

பொய்யின்னு தெரிஞ்சு சொன்னேனான்னா, இல்ல. நெசமான்னு யோசிச்சுப் பாத்துச் சொன்னேனான்னா, அதுவும் இல்ல. டீக்கடையில சொன்னது சீவில்லிபுத்தூருக்கு என் வண்டியவிட வேகமாப் போயிருக்கும். அதுக்குப் பொறவு அவரு பட்டறையத் தாண்டும்போதெல்லாம் எனக்கு எதுத்த பக்கம் ஏதாவது பாக்க வேண்டிய வேலை வந்துரும். நியாயமாப் போயிருக்க வேண்டிய ஒரே எடத்துக்கு, நான் போகாம இருந்தது அதனாலதான்.

பூசை போட்ட அழகு

இங்க ஆயுத பூசையப் பத்திக் கொஞ்சம் சொல்லிக்கிடுதேன்.

மத்த நாள்ல என் வண்டிய எங்க வீட்டுல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக. அன்னைக்கு மட்டும் அது மணவறையில உக்காந்த மாதிரி. ரெண்டு பக்கமும் வாழக்கன்னு, பம்பருல மாலை, ஸ்டியரிங்கில விபூதிப் பட்டை. நான் விடிஞ்சதுல இருந்து கிரீஸ் டப்பாவும் கையுமா வண்டிக்கு அடியில கெடந்தேன். வருசத்துக்கு ஒரு நாளாவது நம்ம கையால செய்யணும்னு ஒரு எண்ணம்.

எம் பொஞ்சாதி தங்கம் வந்து நின்னா. "சாமான எல்லாம் குடுங்க. நல்ல நேரம் போகுது."

"செத்த பொறு. ஒரே ஒரு வேலை."

"போன வருசமும் இதத்தான் சொன்னீய. நல்ல நேரம் ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாக்கும்."

சுத்தியல், உளி, கொறடு, சின்னதும் பெருசுமா ஸ்பேனரு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டா. கால்சட்டைப் பையில கெடந்த ஒரு சின்ன ஸ்பேனரு மட்டும் அவ கண்ணுல படல. எல்லாத்தையும் கழுவி வாழ எலையில வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். பூசைக்கு வச்ச சாமான அன்னைக்குத் தொடக்கூடாது. அது எங்களுக்கு மட்டும் இல்ல, எங்க பக்கத்துல எந்தப் பட்டறைக்கும் உள்ளதுதான். மறுநாள் எடுத்து வேலைய ஆரம்பிச்சாப் பெருகும்னு பேரு.

மறுநாள் காலையில காப்பி குடிக்கும் முன்னயே ஒருத்தர் ஆத்துல மாட்டுன டிராக்டரு ஒண்ணுக்குக் கூப்புட வந்துட்டாரு. விசயதசமி, மொத வேலைய வேண்டாம்னு சொல்லலாமா. தங்கமே சாமான எல்லாம் ஒரு சாக்குல சுத்தி சீட்டுக்கு அடியில வச்சு அனுப்புனா. அன்னைக்கு வண்டி போன போக்கு இருக்கே, ராசா மாதிரி போச்சு.

இடது காலு

எம் மச்சினன் முருகேசன் பட்டாளத்துல டிரைவரு. இதே மாதிரி வண்டியப் பனியில ஓட்டுறவன். லீவு முடிஞ்சு அவன் போற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சுத்தான் சத்தத்தப் பத்திச் சொன்னேன். பத்து நாள் வீட்டுல இருந்தவன்கிட்ட அது வரைக்கும் சொல்லல. மாப்பிள்ளை கெத்து.

பஸ்ஸு நகருது. சன்னல் வழியாத் தலைய நீட்டிக்கிட்டே சொன்னான்.

"மச்சான், ஜாக்கி வச்சு சக்கரத்தத் தூக்குங்க. டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருக்கும். அப்பிடியே ஆட்டிக்கிட்டே ஒரு ஆள விட்டுப் பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னுபோச்சுன்னா வீல் பேரிங். நிக்கலைன்னா சக்கரம் திரும்புற எடத்துல உள்ள கிங்பின்."

"ரெண்டுக்கும் என்னடே வித்தியாசம்?"

பஸ்ஸு கூடவே நாலு எட்டு ஓடுனேன்.

"கிங்பின்னு மெதுவாத் தேயும் மச்சான். பேரிங் நட்டு கழண்டா சக்கரம் தனியாப் போயிரும்."

அன்னைக்குச் சாயங்காலமே செஞ்சேன். ஆளு யாரும் இல்லன்னு தங்கத்தைக் கூப்புட்டு டிரைவர் சீட்டுல உக்கார வச்சேன். அவ அதுல உக்காந்தது அதுதான் மொதத் தடவ. சீலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, ஸ்டியரிங்கத் தொடாம, எதையும் கெடுத்துரக் கூடாதுன்னு கைய மடியில வச்சு உக்காந்திருந்தா. ரெண்டு பக்கமும் கதவத் தொறந்து போட்டிருந்தேன். நான் இடது பக்கம் டயரு முன்னால குத்தவச்சு, மேல ஒரு கை, கீழ ஒரு கை.

ஆட்டுனேன். டொக்.

"மிதி"ன்னேன்.

"மிதிச்சுட்டேன்"ன்னா.

ஆட்டுனேன். டொக்.

"நல்லா மிதி."

"இதுக்கு மேல மிதிச்சா நான் கீழ எறங்கிருவேன்."

ஆட்டுனேன். டொக். ஆட்டம் நிக்கல. ஆகக் கிங்பின்.

எனக்கு நிம்மதின்னா நிம்மதி. கிங்பின்னு மெதுவாத் தேயுற சாமான். தீவாளி கழிச்சு மதுரைக்குப் போய் வாங்கிக்கிடலாம். மறுநாள் பேச்சியக்காகிட்ட, பெரிய டாக்டரு மாதிரி சொன்னேன்.

"பாத்தாச்சுக்கா. கிங்பின்னு. ஒண்ணும் செய்யாது."

அவ என் மூஞ்சியவே செத்த நேரம் பாத்தா. "எனக்கு இந்தப் பின்னு கின்னு எல்லாம் தெரியாது தம்பி. எம் பேச்சக் கேட்டுப் பதினேழு பேரு ஏறுதாக. நான் ஒம் பேச்சக் கேட்டு ஏறுதேன். அம்புட்டுத்தான்."

திரும்ப எறக்கத்துக்கு

இப்ப எறக்கத்துக்கு வாரேன். கால் பிரேக்கு மேல. சத்தத்தக் காணும். கால எடுத்தா டொக். மிதிச்சா இல்ல.

முருகேசன் சொன்னது காதுல ஓடுது. பிரேக்க மிதிச்சு நின்னுச்சுன்னா அது பேரிங். ஆனா வீட்டுல பாத்தப்ப நிக்கலையே. ஒரே சக்கரம், ஒரே பிரேக்கு. ரெண்டுல ஒண்ணு பொய்.

வண்டி நடை வேகத்துல எறங்குது. நான் மனசுல வீட்டு வாசலுக்குப் போயிட்டேன். டயரு முன்னால குத்தவச்சிருக்கேன். தொறந்த கதவு வழியா சீட்டுக்கு அடியில தங்கத்தோட காலு தெரியுது. மஞ்ச பூசுன காலு. விரல்ல மெட்டி. அழுத்தி மிதிக்கா, கால் நரம்பு பொடைச்சுக்கிட்டு நிக்கி. அந்தக் காலு என் பக்கம் உள்ள காலு.

நான் இருந்தது இடது பக்கம். அவ மிதிச்சது இடது காலு. இடது காலுக்கு நேர இருக்கது கிளட்சு.

மிதின்னு சொன்னேனே தவிர எத மிதிக்கணும்னு நான் சொல்லல. மூணு மிதி இருக்கையில அவ கண்ட மொதல் மிதிய மிதிச்சா. அவ கிளட்ச மிதிச்சுக்கிட்டு இருந்தத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு, கிங்பின்னுன்னு தீர்ப்புச் சொல்லியிருக்கேன்.

அப்ப இது பேரிங். பேரிங் நட்டு கழண்டா சக்கரம் தனியாப் போயிரும். சக்கரத்துக்கு அங்கிட்டு ஓடை.

கண்ணாடி வழியாப் பின்னால பாத்தேன். ஒருத்தி தூக்குவாளி மூடியில தாளம் போட்டுக்கிட்டு இருக்கா. ரெண்டு பேரு தூங்குதாக. கடைசியில ஒருத்தி மழையில கைய நீட்டி வெளையாடுதா.

பிரேக்க விடாம, மொதக் கியருல வண்டியப் பிடிச்சு, இம்மி இம்மியா நிறுத்துனேன். கை பிரேக்க இழுத்தேன். என்ஜினோட மூச்சு மட்டும் கேக்குது.

"என்ன தம்பி?"

"எல்லாரையும் எறங்கச் சொல்லுக்கா."

"மழையிலயா? எதுக்கு?"

எனக்குப் பொய் சொல்ல நல்லா வரும். முன்னால ரோடு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு மொனையில வந்துருச்சு. அவ அதே மாதிரி என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா.

"அது கிங்பின்னு இல்லக்கா. நான் பாத்தது தப்பு. நீ உக்காந்திருக்கியே, அதுக்குக் கீழ உள்ள சக்கரம் கழண்டாலும் கழலும்."

காலும் கிளட்சுமா எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ ஏசுவான்னு பாத்தேன். ஏசல. மெதுவாக் கதவத் தொறந்து, கால எங்க வைக்கணும்னு பாத்து எறங்குனா. பின்னால போய், "ஏட்டி, எல்லாரும் கீழ எறங்குங்க. வாளிய எடுத்துக்கோங்க. குதிக்காம எறங்குங்க"ன்னு சொல்ற சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பொறவு பதினேழு பேரும் சேந்து ஏசுனாக. அத எழுதுனா இந்தப் பத்திரிகைய நிறுத்திப்போடுவாக.

வண்டிய அங்கயே போட முடியாது. சேறு, ஜாக்கி நிக்காது. ரெண்டு பர்லாங்கு கீழ அணைக்கட்டு முக்குல கட்டாந்தரை இருக்கு. பிரேக்க விடாம மிதிச்சுக்கிட்டே எறங்குனா, பிரேக்குக் கட்டை சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அது வரைக்கும் தாங்கணும்.

பேச்சியக்காவோட வீட்டுக்காரரு ஆடியில தேருக்குத் தடி போடுற ஆளு. தேர் சக்கரத்துக்கு அடியில கட்டையக் குடுத்துத் தேரத் திருப்பவும் நிறுத்தவும் செய்யுறவுக இருக்காகள்ல, அவுகள்ல ஒருத்தரு. அவ என்ன செஞ்சான்னா, லோடுக்கு முட்டுக் குடுக்க வச்சிருந்த ஆப்புக் கட்டைய எடுத்துக்கிட்டா. இடது சக்கரத்துக்கு முன்னால, ஓடைக்கும் வண்டிக்கும் நடுவுல போய் நின்னா.

"அங்கிட்டு நிக்காதக்கா, இங்கிட்டு வா."

"சக்கரத்தப் பாக்கணும்னா சக்கரம் இருக்க பக்கந்தான நிக்கணும். நீ மெதுவா விடு. நான் கதவுல தட்டுனா நிறுத்து."

நான் விட்டேன். அவ பின்னுக்கு நடந்துக்கிட்டே, சக்கரத்த விட்டுக் கண்ண எடுக்காம வந்தா. ரெண்டு தடவ கதவுல தட்டுனா. நிறுத்துனேன். கட்டையக் குடுத்தா, குனிஞ்சு பாத்தா, எடுத்தா. "வா." பின்னால பதினேழு பேரு மழையில, வாளியத் தலையில கவுத்துக்கிட்டு. பிரேக்கு காஞ்சு பொகை நாத்தம் மூக்குல ஏறுது. நான் ஓட்டுன தூரத்துலயே பெரிய தூரம் அந்த ரெண்டு பர்லாங்குதான்.

சாக்கு

முக்குல நின்ன பஸ் கண்டக்டருகிட்ட பேச்சியக்காவே சொல்லி அனுப்புனா. "சீவில்லிபுத்தூர்ல சாகுல் பட்டறையில சொல்லிரு. பொம்பளைக பதினெட்டுப் பேரு நிக்காகன்னு சொல்லு. இவன் பேரச் சொல்லாத, வர மாட்டாரு."

ஆக அவளுக்கும் டீக்கடைப் பேச்சு தெரிஞ்சிருக்கு.

அடுத்த பஸ்ஸுல சாகுல் அண்ணன் பையும் கையுமா எறங்குனாரு. வண்டியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ஜாக்கிய வச்சுத் தூக்குனாரு. டயர மேலயும் கீழயும் பிடிச்சாரு. ஆட்டுனாரு. டொக்.

"ஏறி மிதி. நடுவுல உள்ளது."

பேச்சியக்கா அதுக்குள்ள கிளட்சுக் கதைய அவருகிட்டச் சொல்லிப்புட்டா. மிதிச்சேன். ஆட்டுனாரு. கல்லு மாதிரி நின்னுச்சு.

மூடியக் கழத்தி, உள்ள வெரல விட்டாரு. ஸ்பேனரே வேண்டியதில்லாம, பாட்டில் மூடியத் தெறக்குற மாதிரி ரெண்டு வெரல்ல நட்டத் திருகிக் கையில எடுத்துட்டாரு. இன்னும் ரெண்டே ரெண்டு மரைச் சுத்துலதான் நின்னுருக்கு. கைய நீட்டி மழையில வெளையாடுனாளே, அந்தப் புள்ள தரையில உக்காந்துட்டா.

"இதக் கடைசியா யாரு பூட்டுனது?"

என் வாயி இருக்கே. "நீங்கதானண்ணே பிரேக்கு வேலை..."

அவரு கோவப்படல. நட்டுக்கு அடியில இருந்த தகட்டு வாஷர எடுத்து வெளிச்சத்துல காட்டுனாரு. "இந்தக் காது இருக்குல்ல, இத நட்டு மேல மடக்கி விடணும். அப்பத்தான் நட்டு திரும்பாது. நான் மடக்குன தடம் இந்தா இருக்கு. பொறவு ஒரு ஆளு நிமித்தியிருக்கான். திரும்ப மடக்கல. இந்த நட்டுச் சைசு மிலிட்டரிக்குன்னே உள்ளது. அன்னைக்கு ஒன் ஸ்பேனர வாங்கித்தான் நானே பூட்டுனேன். எங்க அது?"

சீட்டுக்கு அடியில இருந்து சாக்க எடுத்தேன். அவிழ்த்தேன். சுத்தியல், உளி, கொறடு. கடைசியில அந்தப் பெரிய எட்டு மூலை ஸ்பேனரு. வேற எதுக்கும் ஒதவாத ஸ்பேனரு.

அதோட வாயில சந்தனம் காஞ்சு அப்பியிருந்துச்சு. நடுவுல குங்குமப் பொட்டு. ஒரு கீறல் இல்ல, ஒரு கறை இல்ல. தங்கம் வச்ச மாதிரியே வட்டமா இருந்துச்சு.

ஆயுத பூசை அன்னைக்கு இடது முன் சக்கரத்துக்குக் கிரீஸ் வச்சுட்டு, நட்டக் கையால முறுக்கி விட்டிருந்தேன். இறுக்கணும், வாஷர மடக்கணும். அந்த ஒரே ஒரு வேலைக்குத்தான் செத்த பொறுன்னேன். நல்ல நேரம் பொறுக்கல. ஸ்பேனரு பூசைக்குப் போயிருச்சு. பூசைக்கு வச்சதத் தொடக்கூடாது. பையில கெடந்த சின்ன ஸ்பேனர வச்சு மூடிய மட்டும் பூட்டிட்டு, நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு எந்திரிச்சேன். மறுநாள் டிராக்டரு.

பேச்சியக்கா பொட்ட எட்டிப் பாத்தா. "சாமிக்கு வச்சத, சாமியே வந்து முறுக்கிக் குடுக்கும்னு இருந்தியாக்கும்."

சாகுல் அண்ணன் ஸ்பேனர வாங்கல. "பொட்ட நீயே தொடச்சுக் குடு. நான் தொடச்சா நல்லாருக்காது."

சட்டையில தொடச்சேன். லேசுல போகல. நகத்தால சுரண்டுனேன். மழைத் தண்ணி பட்டுச் சந்தன வாசம் வந்துச்சு. அவரு வாங்கி, பேரிங்கத் தொடச்சு, கிரீஸ் வச்சு, நட்ட இறுக்கி, சக்கரத்தச் சுத்திப் பாத்து, கால்வாசித் திருப்பு எளக்கி, புது வாஷரு போட்டு, காத மடக்கி ரெண்டு தட்டுத் தட்டுனாரு. பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பும்போது சொன்னாரு.

"டீக்கடையிலயும் நீயே சொல்லிரு. நான் சொன்னா நல்லாருக்காது."

மறுநாள் விடிய டீக்கடையில சொன்னேன். மொதத் தடவ யாருக்கும் சரியாக் கேக்கல, அவ்வளவு மெதுவாச் சொல்லியிருக்கேன். ரெண்டாந் தடவ கேக்குற மாதிரி சொன்னேன். சுப்பராஜு டீக்கிளாஸ வச்சுட்டு ரொம்ப நேரம் தெலுங்குல பேசுனாரு.

அங்க இருந்து வன்னியம்பட்டி விலக்குக்குப் போனேன். பதினெட்டுப் பேரும் நின்னாக. எனக்கு அதுவே பெருசு. ஆனா யாரும் ஏறல.

பேச்சியக்கா தூக்குவாளியக் கீழ வச்சா. "ஜாக்கிய எடு"ன்னா.

எடுத்தேன். தூக்குனேன். அவ சீலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு இடது சக்கரத்துக்கு முன்னால குத்தவச்சு, டயர மேல ஒரு கை கீழ ஒரு கையாப் பிடிச்சா. ஆட்டுனா. நிமிந்து என்னையப் பாத்தா.

"ஏறி மிதி."

மிதிச்சேன்.

"எந்தக் காலு?"

"வலது காலுக்கா."

இன்னும் ரெண்டு தடவ ஆட்டுனா. கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு, பின்னால திரும்புனா.

"ஏறுங்கட்டி."